நான் ஸ்பேம் என்று சொன்ன கடிதம்

அந்த எருமை ஒரு பச்சைச் சேலையைத் தின்றிருந்தது. கொடியில் காயப்போட்ட முழுச் சேலையில் முந்தானை மட்டும் வாய்க்கு வெளியே தொங்கியதாம். வீட்டுக்காரம்மா எருமையைப் பற்றிக் கேட்கவில்லை. "சேலை கிழியாம வந்துருமுங்களா டாக்டர்?" என்றுதான் கேட்டாராம். ஒரு சனிக்கிழமை காலை, இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு என் கணவர் இதைப் படித்தார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

எழுதியவள் என் பள்ளித்தோழி. தாராபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த பெட்டி, அடுத்தடுத்த பாய். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். அவள் என் கட்டுரை நோட்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்வாள். ஒருநாள் நான் எழுத்தாளர் ஆவேன் என்று விடுதியில் எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள். பிறகு அவள் கால்நடை மருத்துவம் படித்து அதே ஊரில் மாட்டு டாக்டரானாள். நான் கோவையில் கணபதியில் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பித் தரும் அலுவலகம் அது. நாற்பதைத் தாண்டிய பிறகு, எழுதுவேன் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததை, அவள் ஒன்றும் சொல்லாமல் செய்யத் தொடங்கினாள். வாரம் ஒரு கடிதம், எங்கள் அலுவலகம் வழியாகவே. சில நூறு பேர் கேட்டு வாங்கிப் படித்தார்கள். ஆலயத்தில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "உங்க ஃபிரெண்டு என்னமா எழுதறாங்க!" என்று என்னிடமே சொன்னார்கள். சிரித்துத் தலையாட்டி எனக்குக் கழுத்து வலித்தது.

என் மேசைக்கு வருவது புகார்கள். யாராவது ஒரு கடிதத்தை 'ஸ்பேம்', அதாவது வேண்டாத குப்பை, என்று அமுக்கினால், சில மின்னஞ்சல் நிறுவனங்கள் அதை எங்களுக்குத் தெரிவிக்கும். அந்த நிமிடமே அந்த முகவரிக்கு அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும். புகார் கூடினால் அந்த நிறுவனங்கள் எங்களையே சந்தேகப்படும். வேறு வாடிக்கையாளர்களின் கடிதங்களும் குப்பைக்குப் போகும். அதனால் புகார் வாங்கியவரை எச்சரித்து, விசாரித்து முடியும்வரை நிறுத்தி வைப்போம். சில நூறு பேர் மட்டுமே படிக்கும் கடிதத்துக்கு இரண்டு மூன்று புகாரே அதிகம். இதையெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த அலுவலகத்தில் இல்லை.

கணவர் குளிக்கப் போனார். அவர் கைபேசியை எடுத்து அமுக்கினேன். என் முகவரியில் ஒன்று, எப்போதோ தொடங்கி, அதிலும் இந்தக் கடிதத்துக்குப் பதிந்திருந்த இன்னொரு பழைய முகவரியில் ஒன்று. மூன்று. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்தல்.

திங்கட்கிழமை அந்த மூன்று புகார்களும் என் மேசைக்கே வந்தன. அவள் கணக்கை நிறுத்தி வைத்து, எச்சரிக்கைக் கடிதத்தை நானே எழுதினேன். 'தங்கள் கடிதங்களை விரும்பாத வாசகர்கள்' என்ற வரியை மாற்றி மாற்றி மூன்று தடவை திருத்தினேன். அவளுக்காக நான் அத்தனை கவனமாக வேறு எதையும் எழுதியதில்லை.

வியாழக்கிழமை அவள் பஸ் ஏறி வந்துவிட்டாள். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மேலாளர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "யாருக்கோ மனசு நோகற மாதிரி எழுதிப்போட்டனுங்களா சார்? யாருன்னு தெரிஞ்சா மன்னிப்புக் கேட்டுக்கறனுங்க" என்றாள். புகார் செய்தவருக்கு இனி ஒரு வரிகூட அனுப்பக் கூடாது, மன்னிப்பும் கூடாது என்று அவர் விளக்கினார். "ஆனா யாருன்னு உங்க பட்டியல்லயே தெரியுமுங்க. நீங்க பாக்கலீங்களா?" என்று கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

மூன்று பெயர்களுக்கு எதிரே சிவப்புக் குறி. முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது என் கணவருடையது. மூன்றாவதைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. அவள் கணினியை மேலாளர் பக்கமே திருப்பி வைத்தாள்.

"தெரியாம கை பட்டிருக்குமுங்க சார். இவங்க ஊட்ல எல்லாருமே விரும்பிப் படிக்கறவங்க."

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் "ஆமாங்க சார்" என்றேன். நிறுத்தி வைத்திருந்த அவள் கணக்கை அவர் அங்கேயே திறந்துவிட்டார்.

அவளை பஸ் ஏற்றிவிடப் போனபோது நிறுத்தத்தில் கேட்டாள்: "புடிக்கலைன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல புள்ள?"

"புடிச்சுது. ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் அமுக்கிப்போட்டேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கட்டிப்பிடித்துவிடுவாளோ என்றும் பயந்தேன். இரண்டும் நடக்கவில்லை. "இனி உனக்கு நானா அனுப்ப முடியாதில்ல?" என்றாள்.

"முடியாது. நானாப் பதிஞ்சாத்தான் வரும்."

"சரி. அது உன் இஷ்டம்" என்று பஸ் ஏறிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

கடிதம் வரவில்லையே என்று என் கணவர் அடுத்த வாரமே தானாகப் பதிந்துகொண்டார். காரணம் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு வருடம் போல அவர் வாய்விட்டுப் படிக்க, நான் சமையலறையில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன். தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்ட நாள்களும் உண்டு. எத்தனையோ முறை என் முகவரியை எழுதி, பாதியில் அழித்தேன். சென்ற மாதம் ஒரு மதியம், அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன் பதிந்துவிட்டேன்.

சனிக்கிழமை கடிதம் வந்தது. ஆடு ஒன்று இரட்டைக் குட்டி போட்ட கதை. முன்பைவிட நன்றாக எழுதியிருந்தாள். வயிறு மறுபடி எரிந்தது. அது போகும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கொஞ்ச நேரம் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு எடுத்து, பதில் எழுதினேன்: "மூணாவது பத்தி ரொம்ப நல்லா இருக்கு."

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"ஏன், மொத ரெண்டுக்கு என்ன புள்ள?"