அப்பாவின் மேலுதடு

தேங்காய் எண்ணெய்க்கு அலைய வேண்டியிருந்த ஜப்பான்காரன் காலத்திலும் அப்பாவின் உதட்டில் மட்டும் அது மினுமினுத்துக்கொண்டிருக்கும். தலைக்கே இல்லாத எண்ணெய் உதட்டுக்கு எதற்கு என்று அம்மா முணுமுணுப்பார். பிறகு சட்டியில் ஒட்டியதை வழித்து அவரே கொண்டுவந்து கொடுப்பார்.

அப்பா டிரம்பெட் வாசிப்பவர். போருக்கு முன்னால் ஈப்போவில் ஒரு நடன மண்டபத்தின் ஜாஸ் குழுவில் இருந்தார். எல்லாருக்கும் தெரிந்த மெட்டைப் பிடித்து, பாதியில் அதை அம்போவென்று விட்டுவிட்டு, தன் இஷ்டத்துக்கு எங்கெங்கோ அலைந்து, இனி இது வீடு திரும்பாது என்று நாம் பயப்படும்போது சரியாக வந்து சேர்வார். வீட்டில் அதற்குச் "சுத்து" என்று பெயர். "இன்னிக்குச் சுத்து நல்லா வந்துச்சு" என்றால் எங்களுக்குத் தேங்காய்ப்பால் காயா ஜாம் தடவிய ரொட்டி நிச்சயம்.

ஜப்பானியர் வந்ததும் அதெல்லாம் எதிரிப் பாட்டாகிவிட்டது. டிரம்பெட் சாக்குக்குள் போயிற்று. அப்பா சிலிபினில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டார். ஆனால் உதடு வைத்து ஊதும் முனையை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்து, தினமும் அதில் ஊதிப் பழகுவார். குளவி ரீங்காரம் போல ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். விட்டால் உதடு மறந்துவிடும் என்பார். சண்டை முடிந்ததும் மேடை ஏறுவோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது.

முச்சந்தியில் காவல் நிற்கும் சிப்பாய்க்கு எல்லாரும் குனிந்து வணங்க வேண்டும், தவறினால் அறை. அப்பாவோ மற்றவர்களைவிடக் கூடுதலாகவே குனிவார். பக்கத்து வீட்டுச் சின்னையா விடமாட்டார். "என்னாண்ணே, மண்ணுல எதும் தொலைச்சிட்டீங்களா லா?" எனக்கு மானமே போய்விடும். அப்பா சிரிப்பார். "முதுகு வளைஞ்சா நிமித்திக்கலாம் தம்பி. உதடு கிழிஞ்சா எதை வெச்சு ஊதுறது?"

ஒரு மதியம் கிழங்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மா முன்னால் போக, அப்பாவும் நானும் பின்னால் வந்தோம். மூட்டையோடு அம்மாவால் குனிய முடியவில்லை. சிப்பாய் கத்தினான், அவர் அதை இறக்குவதற்குள் துப்பாக்கிக் கட்டையை ஓங்கிவிட்டான். அப்பா ஓடிப்போய் நடுவில் புகுந்தார். தடுத்தால் சுட்டுவிடுவான் என்பதால் கைகளைத் தொங்கவிட்டபடியே முகத்தைக் கொடுத்தார். முன்பற்கள் போயின; மேலுதடு மூக்குவரை பிளந்தது.

"நான் வாங்கிட்டுப் போறேன், என் வாய் போனா என்னா? உங்க வாய்லதானே எல்லாம் இருக்கு!" என்று வீட்டுக்கு வந்து அம்மா கதறினார். அப்பாவால் பேச முடியவில்லை. மூட்டை வெளியிலேயே கிடக்கிறது, உள்ளே எடுத்து வை என்று கையைக் காட்டினார்.

சண்டை முடிந்து மண்டபம் திறந்தபோது நண்பர்கள் அவரைக் கைவிடவில்லை. விரலால் மீட்டும் ஆள் உயரப் பேஸ் வாத்தியத்தைக் கொடுத்துப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். நன்றாகவே வாசித்தார். ஒரு கல்யாண விருந்தில் செமோரிலிருந்து வந்த இளைஞர் டிரம்பெட்டில் சுத்த ஆரம்பித்தபோது நான் அப்பாவைப் பார்த்தேன். விரல்கள் பேஸில் தம் வேலையைச் செய்துகொண்டிருக்க, தழும்பேறிய உதடு மட்டும் அந்த இளைஞரோடு கூடவே அசைந்தது. அம்மாவும் பார்த்துவிட்டார். அதன்பின் எந்தக் கச்சேரிக்கும் அவர் வரவில்லை.

மண்டபம் இருந்த இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன. அப்பா பேஸ் வாசித்த பழைய ஒலிநாடாக்களைக் கேட்டு யாராவது வருவார்கள், எடுத்துக் கொடுப்பேன். டிரம்பெட்டை யாரும் பதிவு செய்யவில்லை. அந்தச் சுத்தைக் கேட்டவர்களில் இப்போது மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான். எனக்கோ பாட வராது.