டூல்ஸ் பெட்டி மூடியில் ஒட்டிய ரிப்போர்ட்

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருஷம். மோட்டார் அறை மொட்டைமாடியில் இருக்கும்; அங்கே படியேறித்தான் போவார். "கோளாறான லிஃப்டை நம்பி ஏறுறவன் மெக்கானிக் இல்ல, பார்சல்" என்பார்.

போன வருஷம் படியேறும்போது நான்காவது மாடியிலேயே மூச்சு வாங்கி உட்கார ஆரம்பித்தார். கூட வேலை பார்த்த வயரிங்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் கிண்டல் செய்தார்: "என்னண்ணே, மாடிக்கு மாடி ஸ்டாப்பிங்கா?" கிண்டலோடு விடாமல் ஒரு டப்பாவும் கொடுத்தார். மாலிக் அமில மாத்திரை. செல்லுக்குள்ளேயே சக்தி தரும் என்றது லேபிள்.

அப்பா எதையும் சோதிக்காமல் மாட்டமாட்டார். கம்பிவடத்துக்குக்கூட டெஸ்ட் சர்டிபிகேட் கேட்பார். டப்பாவை என்னிடம் நீட்டினார். எனக்கு மருந்துத் தரச் சோதனைக்கூடத்தில் வேலை.

"இதுல விஷயம் இருக்கா, பாப்பா?"

"இருக்குப்பா. சாப்பாட்டைச் சக்தியா மாத்துற சுழற்சி ஒண்ணு செல்லுக்குள்ள ஓடுது. அதுல இந்த அமிலமும் ஒரு கட்டம்."

"அப்ப ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்டுன்னு சொல்லு."

சிரித்தேன். அந்த அமிலத்தை உடம்பே தயாரித்துக்கொள்ளும், கூடுதலாகக் கொட்டினால் சுழற்சி வேகமெடுக்காது என்று சொல்லவில்லை. ஆக்சிஜன் வராவிட்டால் சுழற்சியே நின்றுவிடும் என்றும் சொல்லவில்லை. மாத்திரையைப் பொடித்துக் கருவியில் ஏற்றினேன். லேபிள் சொன்ன அளவில் 99.2 சதவீதம். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தபோது பெருமையாக இருந்தது. அதை டூல்ஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டார்.

அம்மா டாக்டர் பேச்சை எடுத்தபோதெல்லாம் ஒரே பதில்: "பெத்த பொண்ணு டெஸ்ட் பண்ணிக் குடுத்திருக்கா. உன் டாக்டர் என்ன பெரிய கொம்பனா?"

ஐந்து மாதம் அதையே விழுங்கினார். ஒரு நாள் வேலைக்குப் போன இடத்தில் படியிலேயே சுருண்டு விழுந்தார். ஹீமோகுளோபின் நாலரை. குடலில் கட்டி, மாதக்கணக்காக ரத்தம் கசிந்திருக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்க ரத்தத்தில் ஆளில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா கட்டியை எடுத்திருக்கலாம்" என்றார் சர்ஜன். பதினோரு நாளில் போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க மாமா வந்தார். கையில் அப்பாவின் பெட்டி. இரண்டு மாடி ஏறியதற்கே மூச்சு வாங்கியது.

"தப்பா நெனைக்காத பாப்பா. இந்த ரிப்போர்ட்டை ஒரு காப்பி எடுத்துக்கவா? அண்ணனைப் பாத்து எங்க செட்டுல எல்லாரும் அந்த மாத்திரையைத்தான் சாப்பிடுறாங்க."

தாளை உரித்தேன். பாதிதான் வந்தது, மீதியை நகத்தால் சுரண்டினேன்.

"ஜன்னல் பக்கம் வாங்க, மாமா."

கீழிமையை இழுத்துப் பார்த்தேன்; ரத்தம் குறைந்தால் உள்பக்கம் வெளுத்திருக்கும். நல்ல சிவப்பு.

"இருந்தாலும் நாளைக்கே போய் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுங்க. எல்லாரையும் குடுக்கச் சொல்லுங்க."

அப்பாவுக்கு நான் இப்படிப் பார்த்ததில்லை. மூன்று விநாடி வேலை.