பால் வாளியில் போன சோறு

நான் எழுதிய நான்கு வரிகளால் ஒரு மனிதரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அதைச் சொல்லாமல் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல முடியாது. பாளையங்கோட்டையில் ஜெபித்து என்னைக் கப்பலேற்றிய சகோதரிகளே, முதலில் என் குற்றத்தைக் கேளுங்கள்.

நிவாரணச் சங்கம் ஒன்றில் ஒரு வருடப் பயிற்சிக்காக மலாக்காவுக்கு வந்தேன். என் கணவர் பள்ளிக்கூட வேலையை விட முடியாமல் அங்கேயே தங்கிவிட, இரண்டு வயது மகளோடு நான் மட்டும் வந்தேன். நகரத்தின் காஜா பேராங் பகுதியில் ஒரு மலாக்கா செட்டிக் குடும்பத்தில் அறை கிடைத்தது. அவர்களுக்குத் தமிழ்ப் பெயர், அம்மன் கோயில் எல்லாம் உண்டு. பேச்சு மட்டும் மலாய். மகளை வீட்டுக்காரம்மாளிடம் விட்டுவிட்டுத் தினமும் காலையில் பஸ் ஏறுவேன். பிள்ளையை விட்டுவிட்டுப் போவது சரிதானா என்று வழியில் குருபோங் ஊர் தாண்டும்வரை யோசிப்பேன். அவளை இங்கே கூட்டி வந்ததே சரிதானா என்று திரும்பும்போது யோசிப்பேன்.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அவசரகாலச் சட்டம் இன்னும் நீக்கப்படவில்லை. காட்டில் ஒளிந்து போரிடும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்று, அங்கங்கே சிதறிக் கிடந்த குடும்பங்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நான் வேலை பார்த்தது அப்படி ஒரு குடியிருப்பில். சீனர்கள் அதிகம், தமிழர்கள் ஒரே ஒரு வரிசை; பலரும் வேலிக்கு வெளியே ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுப்பவர்கள். யாருக்கு யாரோடு என்ன சண்டை என்று வீடு வீடாகக் கேட்டு, இரு பக்கத்தாரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச வைப்பதுதான் என் பயிற்சி. மாதக் கடைசியில் அறிக்கை எழுத வேண்டும்.

நான்கு மாதம் எழுதினேன். எல்லாம் சண்டைதான். "நல்லது ஒன்றுகூட நடக்கவில்லையா?" என்று மேற்பார்வையாளர் அம்மையார் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஐந்தாவது மாதம் நல்லது ஒன்று நடந்தது. தண்ணீர்க் குழாயடியில், தமிழ் வரிசையில் இருந்த வீரம்மாளும் ஆ செங் என்ற சீனப் பெரியவரின் மனைவியும் வாளியால் அடித்துக்கொண்டவர்கள். அவர்களை மூன்று முறை உட்கார வைத்துப் பேசியிருந்தேன். ஒரு நாள் வீரம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நம்ம ஆளு இப்ப அந்தச் சீனருக்குச் சோறு கொண்டு போறாரும்மா. ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நெரை. மரம் சீவுறப்ப பசியில மயங்கி விழுந்துட்டாராம் பாவம். பால் வாளியில வச்சு மேல துணியப் போட்டு..."

"கேட்டில் பார்க்க மாட்டார்களா?"

"அவனுங்களா? என் மூக்குத்தியத் தடவிப் பாப்பானுங்க, வாளியப் பாக்க மாட்டானுங்க!"

வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறுகூடப் போகக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? கேட்டில் என் பையையே தினமும் கிளறுவார்கள். ஆனாலும் எழுதினேன். வீரம்மாளின் கணவர் முனியன் தன் சோற்றில் பாதியைச் சீனத் தொழிலாளி ஒருவருக்கு இரகசியமாகக் கொடுக்கிறார், குழாயடிப் பகை தீர்ந்தது என்று பெருமையாக எழுதினேன். எங்கள் அறிக்கைகளின் நகல் அரசாங்க அலுவலகத்துக்கும் போகும் என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை கேட்டில் எல்லா வாளிகளையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். முனியனைக் கொண்டுபோனார்கள். காட்டுக்காரர்களுக்குச் சோறு கொடுத்தான் என்று முடிவானால் பல வருடச் சிறை. இந்தியாவுக்கே அனுப்பிவிடவும் கூடும். வீரம்மாள் இந்தியாவைப் பார்த்ததுகூட இல்லை. அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

அன்று நான் செய்த ஜெபத்தை மறைக்க மாட்டேன். "ஆண்டவரே, என் அறிக்கையால்தான் என்று யாருக்கும் தெரியக் கூடாது." இதுதான் என் ஜெபம். மூன்று நாளும் இதையே சொன்னேன். மேற்பார்வையாளர் அம்மையார், "இதில் தலையிட்டால் நம்மைக் குடியிருப்புக்குள்ளேயே விடமாட்டார்கள்" என்றார். எனக்கு ஒரு பக்கம் ஆறுதலாகக்கூட இருந்தது.  ஆனால் மகள் மடியில் ஏற வந்தால் எரிந்து விழுந்தேன். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று கணவருக்குக் கடிதம் எழுதி, அதையும் கிழித்துப் போட்டேன்.

வீட்டுக்காரம்மாள் வாய்த் துடுக்குக்காரர். துணி காயப்போட்டுக்கொண்டே மலாயில் கேட்டார்: "மூணு நாளா முணுமுணுக்கிறியே, உன் சாமிக்குக் காது கேக்கலியா, இல்ல நீதான் விஷயத்தச் சொல்லலியா?"

கேலியாகத்தான் கேட்டார்.  உண்மையில் நான் விஷயத்தைச் சொல்லவே இல்லை. அறைக்குள் போய் முழங்காலிட்டேன். "நான்தான் செய்தேன். முனியனை அவர் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடும். எனக்கு என்ன நடந்தாலும் சரி" என்று அழுதேன். சமாதானம் ஒன்றும் உடனே வந்து நிறையவில்லை. எழுந்து போக மட்டும் பெலன் கிடைத்தது.

குடியிருப்புக்குப் போய் வீரம்மாளிடம் சொன்னேன். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அடிக்கவில்லை.

"எழுதுறதுக்கு முன்ன என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? உங்கள நம்பித்தானே சொன்னேன்."

 அங்கிருந்தே போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அந்தச் சோறு காட்டுக்குப் போகவில்லை, பக்கத்து நிரைத் தொழிலாளிக்குத்தான் போனது என்றேன். அதிகாரி ஒரே கேள்விதான் கேட்டார்: "தின்றதை நீ பார்த்தாயா?" பார்க்கவில்லை. "அந்த ஆள் யார்?" என்றார். பெயரைச் சொன்னால் இன்னொரு வீடு அழும். வாய் திறக்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அதற்கு மேல் என்னால் ஆவது ஒன்றுமில்லை. "இனி நீரே" என்று மட்டும் சொன்னேன்.

மதியம்போல் ஆ செங் வந்தார். வெளுத்த சட்டை, பித்தான் மாற்றிப் போட்டிருந்தார். முழங்கையைப் பிடித்து அழைத்து வந்தது, குழாயடியில் வீரம்மாளை வாளியால் அடித்த அதே மனைவி. நான் சொல்லி அனுப்பவில்லை. வீரம்மாளும் அவர்களிடம் போகவில்லை என்று பிறகு தெரிந்தது. அந்த அம்மாள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கணவரை மேசை முன் நிறுத்தி முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார்: "ஈத்து நாசி, சாயா மாக்கான்." அந்தச் சோற்றைத் தின்றது நான்.

அவரையும் உள்ளே வைத்தார்கள். அது எனக்குப் புது வேதனை. தோட்டத்து ஆட்களை ஒவ்வொருவராக விசாரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனையிலிருந்து வெளியே வரும்போது, இருவரையும் எச்சரித்து விட்டுவிட்டார்கள் என்று ஆள் வந்து சொன்னார். கோயில் வாசலிலேயே செருப்போடு மண்டியிட்டுவிட்டேன். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு என்னைப் போலவே மண்டியிட்டாள்.

சகோதரிகளே, எனக்கு இன்னும் களைப்பாகத்தான் இருக்கிறது. வீரம்மாள் என்னோடு பேசுகிறாள். முன்போல் சிரித்துப் பேசுவதில்லை. அதையும் நான் கேட்டு வாங்க முடியாது. இப்போது எந்த அறிக்கையையும், அதில் வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டாமல் அனுப்புவதில்லை. அம்மையார் முதலில் முகம் சுளித்தார், பிறகு சரி என்றார். போன மாதம் வீரம்மாள் வீட்டு வாசலில் நின்று வாசித்தேன். வாசல் பெருக்கிக்கொண்டே கேட்டவள் நடுவில் சொன்னாள்.

"இப்பப் படிச்சீங்களே, அந்த வரிய எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன். "உள்ள வந்து உக்காந்து மத்ததப் படிங்க" என்றாள்.

உங்களில் யாராவது என்னைப் போல் ஒன்றைச் செய்துவிட்டு, அதைச் சொல்லாமலே உதவி கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து செய்ததைச் சொல்லுங்கள். முதலில் ஆண்டவரிடம், பிறகு யாருக்குச் செய்தீர்களோ அவர்களிடம். அவர் யாரை எழுப்பி அனுப்புவார் என்று நமக்குத் தெரியாது. அனுப்புவார். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்.