படிக்க ஆளில்லாத தந்தி

ஞானமுத்துவைக் கொன்றது குடல்வால் வியாதி அல்ல. நம் ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த நாம் கொன்றோம்.

வேலூரில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். அவர் மனைவி எஸ்தர், எஸ்தரின் தம்பி சின்னப்பன், நான். நர்ஸம்மாள் ஒருவர் வந்து, "இன்னிக்குக் காலைலதான் போனாரு. நேத்து வந்திருக்கக் கூடாதா?" என்றார். சின்னப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எஸ்தர் அழவில்லை. அந்த மனிதருக்காக அவர் ஏற்கெனவே இரண்டு நாள் அழுது முடித்திருந்தார். அது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நல்லவர், உழைப்பாளி, கர்த்தர் அழைத்துக்கொண்டார் என்றெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நம் வாசகசாலைக்கு வருகிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். நான் ரைட்டராக இருக்கிற தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் புரட்டுகிற வேலை. விரல் நகங்கள் வெந்து மஞ்சளாகியிருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தவர். அவர் குடியிருந்த சேரியில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர் உண்டு. ஆனால் தந்தி இங்கிலீஷில் வரும். அதை எழுத்துக் கூட்டிப் பொருள் சொல்லக்கூடியவர் அத்தனை வீட்டுக்கும் அவர் ஒருவர்தான்.

நான் அவரிடம் முதலில் பேசியது தபால் ஆபீஸ் ஜன்னலில். கம்பெனியின் தந்தியைக் கொடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்பே வந்தவர் அவர். ஜன்னலிலிருந்து நாலடி தள்ளி, வெயிலில் நின்றிருந்தார். உள்ளே இருந்த குமாஸ்தா என்னைப் பார்த்து, "வாங்க ரைட்டர், கொடுங்க" என்று என் தாளை முதலில் வாங்கிக்கொண்டார். பிறகு அவர் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா?"

"தந்தி பாரம் ஒண்ணு வேணுங்க."

"எவன் செத்தான்?"

"யாரும் சாவலீங்க. கொழந்த பொறந்திருக்குது. மாமியார் வூட்டுக்குச் சொல்லணும்."

குமாஸ்தா சிரித்தார். "கொழந்த பொறந்ததுக்குத் தந்தியா? கலெக்டர் வூட்டுக் கொழந்தயா? காலணா கார்டுல மஞ்சளத் தடவி அனுப்புடா, போதும்." ஆனாலும் தாளை ஜன்னல் வழியாகக் கீழே போட்டார். ஞானமுத்து அதைக் குனிந்து எடுத்து, முழங்காலில் வைத்து, பென்சிலால் இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதினார். நான் உதவட்டுமா என்று கேட்டேன். "வேணாம் ரைட்டரய்யா. இதுக்குத்தான் ஆறு வருசம் அடி வாங்கினேன்" என்றார்.

அந்தத் தந்தி மாமியார் ஊரான பேரணாம்பட்டில் என்ன செய்தது என்பதை அவரே பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னார். தந்திப் பியூன் தெரு முனையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமே மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு மண்ணில் விழுந்தாராம். பிரசவத்தில் மகள் போய்விட்டாள் என்று தெருவே ஒப்பாரி வைத்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் பகல் சாப்பாட்டுக்கு வந்து அதைப் படித்துச் சொல்லும்வரை மூன்று மணி நேரம் அழுதிருக்கிறார்கள். அடுத்த வாரம் மாமியார் நேரில் வந்து மருமகனைக் காய்ச்சி எடுத்தார். "பொண்ணு பொறந்துச்சின்னா பொண்ணு பொறந்துச்சின்னு ஆள் அனுப்பிச் சொல்றது. ஏன்யா எங்க வயித்துல நெருப்பக் கொட்டின? படிச்ச கொழுப்பா?"

"பாத்தீங்களா, நல்ல சேதிக்கு நான் வாங்கின பரிசு" என்றார் என்னிடம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஆனா அவங்க மேல தப்பு இல்ல. எங்க தெருவுக்கு நல்லது சொல்ல இது வரைக்கும் எவன் தந்தி அடிச்சான்? கெட்டதுக்குத்தான் அவசரம். நல்லது எல்லாம் எங்களுக்கு நடந்துதான் வரும்."

அன்றிலிருந்து அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். தந்தி வந்தால் கம்பெனிக்கு ஓடி வந்து அவரைக் கூப்பிடுவார்கள். ஈரக் காலோடு போவார். பெண்கள் அதற்குள் கூடி அழத் தொடங்கியிருப்பார்கள். தாளைப் பிரித்ததும் அவர் முழுவதையும் படிக்க மாட்டார். கண்ணால் ஓட்டிவிட்டு, முதலில் உரக்கக் கத்துவார்: "உசிரு இருக்குது!" அழுகை நிற்கும். அதற்குப் பிறகுதான் மெதுவாகச் சேதியைச் சொல்வார். கோலாரில் சுரங்க வேலைக்குப் போனவனுக்குக் கால் முறிந்தது, மெட்ராஸில் துறைமுகத்துக்குப் போனவன் ஜெயிலில் இருக்கிறான், எதுவானாலும் முதலில் அந்த வார்த்தை. உயிர் இல்லாத தந்தி வந்தபோது ஒன்றும் கத்தாமல் தலைத்துண்டை எடுத்துவிடுவார். அவர்களுக்குப் புரிந்துவிடும்.

போன வருஷம் நம் வாசகசாலையில் வக்கீல் ஒருவர் விஞ்ஞானத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தாரே, நினைவிருக்கிறதா? கம்பியில் சேதி ஓடுகிற இந்தக் காலத்திலும் தந்தியைக் கண்டால் அழுகிற மூடர்கள் நம் ஊர் எல்லையிலேயே இருக்கிறார்கள் என்றார். நாம் கை தட்டினோம். ஞானமுத்து வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. அங்கிருந்தே பேசினார்.

"வக்கீலய்யா, மொதலாளிக்குத் தந்தி வந்தா தோல் வெல ஏறுது. எங்களுக்கு வந்தா பாடை கட்டணும். மொதலாளி கும்புட்டு வாங்குறாரு, நாங்க அழுது வாங்குறோம். அவுரு புத்திசாலி, நாங்க மூடனுங்களா?"

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ, "அப்புறம் பேசலாம் போப்பா" என்றார்கள். அவர் கேட்டதில் என்ன தவறு என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் முதலாளி புதுத் தொட்டி இறக்க நாள் பார்ப்பவர், பூனை குறுக்கே போனால் வண்டியைத் திருப்புபவர். மெட்ராஸ் தந்தியை மட்டும் ராகுகாலத்திலும் வாங்குவார். விஞ்ஞானத்தின் மேல் வந்த பக்தி அல்ல அது. அந்தத் தாள் அவர் வீட்டு வாசலுக்கு வருகிறது. பியூன் சலாம் போடுகிறான். படிக்க நான் இருக்கிறேன். வருகிற சேதியால் அவருக்கு லாபம். இந்த நாலும் சேரிக்கு இருந்தால் அவர்களும் பொட்டு வைத்துத் தந்தியை வாங்குவார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். வயிற்றுவலி என்று செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் அவர் தனியாக வேலூருக்குப் போனார். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் எஸ்தர் கூடப் போகவில்லை. உடனே வயிற்றைக் கீற வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். ஞானமுத்து கெஞ்சியிருக்கிறார்: மயக்க மருந்துக்குப் பிறகு எழுந்திருப்பேனோ மாட்டேனோ, பெண்டாட்டியைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். டாக்டர் நல்லவர். கோபித்துக்கொண்டார், பிறகு ஒப்புக்கொண்டார். நர்ஸம்மாள் தந்தி அடித்தார். "உடனே வா. ஆபரேஷன்." கீழே அனுப்பியவர் பெயர், ஞானமுத்து.

நர்ஸம்மாள் சொன்னார்: "வண்டி சத்தம் கேக்குறப்பல்லாம் வாசலப் பாத்தாரு. தந்தி போயிடுச்சில்லம்மா, இந்நேரம் கெளம்பியிருப்பாங்கன்னு எனக்கே தைரியம் சொன்னாரு." செவ்வாய் சாயங்காலம் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. புதன் காலையிலும் அடுத்த வண்டி வரட்டும் என்றார். புதன் பகலில் உள்ளே கட்டி உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு கீறிப் பிரயோஜனமில்லை.

தந்தி வராமல் இல்லை. செவ்வாய் மத்தியானமே வந்துவிட்டது. பியூன் வழக்கம்போல் சேரிக்குள் போகாமல் முனையில் நின்று எஸ்தர் பெயரைக் கூப்பிட்டான். கைநாட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஆள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்போது தந்தி. தெரு கூடி அழுதது. "உசிரு இருக்குது" என்று கத்த வேண்டிய ஒரே ஆள் வேலூரில் கட்டிலில் கிடந்தார்.

சின்னப்பன் தாளை எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸுக்கு ஓடினான். "பட்டுவாடா ஆயிடுச்சி. படிச்சிச் சொல்றது சர்க்கார் வேல இல்ல" என்றது ஜன்னல். பாதிரியார் வேறு கிராமத்துக்குப் போயிருந்தார். அங்கிருந்து எங்கள் கம்பெனி வாசலுக்கு வந்தான். அது மெட்ராஸிலிருந்து தோல் விலைத் தந்தி வருகிற நேரம். யாரையும் உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு. வாசலில் ஏதோ குரல் கேட்டு நான் வாட்ச்மேனிடம் விசாரித்தேன்.

"சேரி ஆளு சார். யாரோ செத்துட்டாங்களாம், தந்தி வெச்சினு நிக்கிறான்."

நான் டைப் மெஷினுக்குத் திரும்பினேன். இருபது அடி எழுந்து நடந்திருந்தால் ஞானமுத்து இன்று சுண்ணாம்புத் தொட்டியில் நின்றிருப்பார். தந்தியைப் படிக்கிற வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

அதற்கு மேல் சேரியில் சந்தேகமே இல்லை. செத்த வீட்டுத் தந்தியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் அதை வேலி முள்ளில் குத்தி வைத்தார்கள். சாவு கேட்ட பெண்டாட்டி படி தாண்டக் கூடாது என்பதால் எஸ்தரை உட்கார வைத்தார்கள். தாலியை எடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினார்கள். முன்பு ஒருவர் வேலூரில் இறந்தபோது பிணத்தை ரயிலில் அனுப்பியிருந்தார்கள். இதுவும் அப்படி வரும், நாம் போனால் வழியில் பிணத்தைத் தவறவிடுவோம் என்று சின்னப்பனும் நாலு பேரும் ஸ்டேஷனில் பாடையோடு உட்கார்ந்தார்கள். அங்கே அவர் ஒவ்வொரு வண்டிக்கும் மனைவியைத் தேடினார். இங்கே இவர்கள் ஒவ்வொரு வண்டியிலும் அவர் பிணத்தைத் தேடினார்கள்.

வியாழன் காலை மாதிரித் தோல் மூட்டையை ரயிலில் அனுப்ப நான் ஸ்டேஷனுக்குப் போனேன். சின்னப்பனைப் பார்த்தேன். "இன்னாய்யா, யாரு?" என்று கேட்டேன். "எங்க மாமா சார். ஞானமுத்து மாமா" என்று மடியிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தான். நடுவில் முள் குத்திய ஓட்டை. அனுப்பியவர் பெயரை இரண்டு தடவை படித்தேன்: ஞானமுத்து. செத்தவர் தந்தி அடிப்பாரா?

எஸ்தரைக் கூட்டி வரச் செய்து, விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் என்னை நம்பவில்லை. "ஏமாத்தாதீங்க சாமி" என்றார். தாளைக் காட்டி, அவர் பெயரின் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். பிறகு ஒரு கிழவி எங்கிருந்தோ அந்தத் தாலியைக் கொண்டுவந்து மறுபடி கட்டினாள். அந்தத் தாலியோடுதான் ரயிலில் உட்கார்ந்திருந்தார். காட்பாடி வரும்வரை என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: "குழிய மூடச் சொல்லிட்டு வந்தீங்களா?" வேலூரில் என்ன நடந்தது என்று மேலே எழுதிவிட்டேன். ஒரே புருஷனுக்காக அந்த அம்மாள் இரண்டு தடவை தாலி எடுத்தார்.

அவரிடமிருந்து எனக்கு இருப்பவை இரண்டு. முள் ஓட்டையோடு அந்தத் தாள். எஸ்தர் அதைத் தன் வீட்டுக்குள் வைக்க மாட்டேன் என்றார். இன்னொன்று, சேதி சொல்வதற்கு அவர் வைத்திருந்த முறை. பிழைத்திருப்பதை முதலில் சொல், மற்றதெல்லாம் அப்புறம். ஆறாவது படித்தவர் தானாகக் கண்டுபிடித்தது. மெட்ரிகுலேஷன் படித்த எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை பகல் வாசகசாலையில் இரங்கல் கூட்டம் நடந்தது. அதே வக்கீல் தலைமை. அறியாமை ஒரு நல்ல உயிரைப் பலிகொண்டது என்றார். விதவைக்கு அனுதாபம் தெரிவிக்கும் தீர்மானம் இங்கிலீஷில் வாசிக்கப்பட்டது. காலஞ்சென்றவர் தந்தியின் மேல் பிரியம் உள்ளவர் ஆகையால் இதைத் தந்தி மூலமே அனுப்பலாம் என்று செயலாளர் சொன்னார். கை தட்டி ஒப்புக்கொண்டீர்கள். நாளைக் காலை அது போகிறது.

நான் எழுந்து, அதை அங்கே யார் படிப்பார்கள் என்று கேட்டேன். செயலாளர் நன்றியுரைக்குப் போய்விட்டார். அதனால் இதை எழுதி, இன்று மாலையே வாசகசாலையின் இந்த மேசைமேல் வைக்கிறேன். நாளைய தந்திக்குச் சேரி முனையில் நான் போய் நிற்பேன். அடுத்த தந்திக்கு யார் போகிறீர்கள்? அதற்கு அடுத்ததற்கு? வாசகசாலையில் இங்கிலீஷ் படிக்கிறவர்கள் இருபத்திரண்டு பேர் இருக்கிறோம். கீழே இடம் விட்டிருக்கிறேன். பேரை எழுதுங்கள்.