குதிரை நுழையாத லாயம்

முகம், ஊர் சுற்றிப் பார்க்க வந்த எங்களைப் பார்த்தபடி இருக்கிறது. கால்கள் மட்டும் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. கடற்கரைச் சாலையிலிருந்து பழைய கோட்டை வாசல்வரை வழியில் மூடியில்லாத ஒரு சாக்கடை, இரண்டு உடைந்த படிகள், வெயிலில் நீட்டிப் படுத்த ஒரு நாய். எதிலும் அவர் இடறுவதில்லை. நாயைச் சுற்றிக்கொண்டு போகும்போதும் பேச்சு நிற்கவில்லை. "தூங்கட்டும் பாவம், கோட்டைப் பக்கம் வாடகை இல்லாம இருக்கறது அது ஒண்ணுதான்." ஊரில் அவருக்கு ‘ரிவர்ஸ் அக்கா’ என்று பெயர்.

காலை ஒன்பதரை மணிவரை அவர் தையற்காரர். இருபது வருடமாகப் பள்ளிச் சீருடையும் ஆண்கள் சட்டையும் தைக்கிறார். ஒன்பதரைக்கு இயந்திரத்தை மூடிவிட்டு, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு அப்படியே கிளம்பி விடுகிறார். கட்டிடங்களைச் சுட்டிக்காட்டுவதும் அதன் நுனியால்தான். கூட்டத்தில் யார் வந்தாலும் முதலில் கண்ணால் அளந்துவிடுவார். என்னைப் பார்த்ததும், "சாருக்கு நாப்பத்திரண்டு. போட்டிருக்கறது நாப்பது. கொஞ்சம் மூச்சு விடுங்க சார், இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார்.

ஊர் சுற்றிக் காட்டும் வேலை கணவரால் வந்தது. அவர் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இருக்கிறார். பார்க்க என்ன இருக்கிறது என்று விருந்தினர்கள் கேட்டபோது மனைவியிடம் அனுப்பிவைத்தார். "நான் மேசையை விட்டு நகர முடியாது. அவ வாயை மூட முடியாது. பொருத்தமா இருந்தது" என்கிறார்.

கடல் கடந்து வந்த ஒரு வணிகக் கம்பெனி நூற்றைம்பது வருடம் குடியிருந்துவிட்டுப் போன ஊர் அது. கோட்டை, சரக்குக் கிடங்கு, கல்லறைத் தோட்டம், கவர்னர் மாளிகை எல்லாம் மிச்சம் இருக்கின்றன. மாளிகை முன்னால், "இருபத்தோரு ஜன்னல். கவர்னருக்குப் புழுக்கம் ஆகாதாம்" என்றார். கிடங்குக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு தாழ்ந்த கற்கட்டிடத்தின் முன் வந்தபோதுதான் முதல்முறையாகத் திரும்பி, எல்லோரையும்போல முன்பக்கமாக நடந்தார். சுவரில் தகரப் பலகை: ‘கவர்னரின் குதிரை லாயம்’.

"இதை நம்பாதீங்க" என்றார்.

அவர் நம்பாமல் போனது ஒரு மழை நாளில். ஒதுங்குவதற்காக உள்ளே போனவர், மழை விடும்வரை சும்மா இருக்கப் பிடிக்காமல் சுவரில் பதித்த இரும்பு வளையங்களை அளந்து பார்த்தார். மறுநாளிலிருந்து அருங்காட்சியக அலுவலகத்துக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். அது லாயமே இல்லை, கப்பலில் ஏற்றி விற்க மனிதர்களை அடைத்துவைத்த இடம் என்று பதினோரு கடிதங்கள். பன்னிரண்டாவது எழுதுவதற்குப் பதிலாக நேரில் போனார். அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார்: "டெய்லரம்மா, நீங்க சட்டையைப் பாருங்க. சரித்திரத்தை நாங்க பாத்துக்கறோம்."

அதோடு விடவில்லை. தவறான வரலாறு சொல்கிறார் என்று வழிகாட்டி அட்டையும் மறுக்கப்பட்டது. விடுதி முதலாளி கணவரைக் கூப்பிட்டு, "புதுசா கல்யாணம் ஆனவங்க வர்ற ஊருய்யா இது. உன் சம்சாரம் சங்கிலிக் கதை சொல்லி அழ வெச்சா எவன் வருவான்? அவ வாயைக் கட்டு, இல்ல நீ வேற வேலை பாரு" என்றார். கணவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டியபடி கேட்டது ஒன்றே ஒன்று: "நீ அளந்தது சரிதானே?" சரிதான் என்றார் மனைவி. "அப்ப விடு. மேசைங்க ஊர்ல நிறைய இருக்கு."

இதற்கிடையில் லாயத்தைக் காபிக் கடையாக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. சுவரெல்லாம் குதிரைப் படம் வரைவார்களாம். இடத்தைப் பார்வையிட அதிகாரியும் நால்வர் குழுவும் வரும் தேதி தெரிந்ததும் ரிவர்ஸ் அக்கா எனக்கு ஃபோன் செய்தார். "நாளைக்குக் குதிரை வருது சார். வந்துடுங்க."

போனேன். கடற்கரையில் சவாரி விடும் குதிரைக்காரர், பழுப்புக் குதிரையோடு வாசலில் நின்றிருந்தார். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா இது கூத்து?"

"லாயம்னு எழுதியிருக்கே சார். குதிரை வந்திருக்கு. உள்ள விடுங்க."

குழுவில் ஒருவர் சிரித்துவிட்டார். அதனால் அதிகாரியால் தடுக்க முடியவில்லை. குதிரைக்காரர் உள்ளே நின்று கேரட்டை நீட்டினார். குதிரை தலையைத் தாழ்த்தி நுழைத்தது, கழுத்தும் போனது, கேரட்டை மென்றது. அடுத்த அடி வைத்ததும் தோள் வாசலின் மேற்கல்லில் முட்டியது. இன்னொரு கேரட். மறுபடி முட்டல். மூன்றாவது தடவை குதிரை பெருமூச்சு விட்டுப் பின்வாங்கி, எல்லோரையும் ஒருமுறை பார்த்தது.

"ஐயா, தலையைக் குனிய வைக்கலாம். முதுகை மடிக்க முடியாதுங்க" என்றார் குதிரைக்காரர். அதற்குள் சேர்ந்துவிட்ட கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அதிகாரியை உள்ளே கூட்டிப்போய் நாடாவின் ஒரு முனையைக் கையில் கொடுத்தார். "நீங்களே புடிங்க சார். தரையிலேர்ந்து வளையம் எவ்வளவு?"

"அஞ்சு இஞ்சு."

"குதிரையை யாராவது கணுக்கால் உயரத்துல கட்டுவாங்களா? இந்த வளையத்துக்கும் அடுத்ததுக்கும்?"

"பத்தொம்பது."

"பத்தொம்பது இஞ்சு என்னன்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வளர்ந்த ஆளோட தோள்பட்டை. இருபது வருஷமா தினம் வெட்டற அளவு சார்."

அதிகாரி குந்தி உட்கார்ந்து வளையத்துக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். நெடுநேரம் விரலை வெளியே எடுக்கவில்லை. "மொத்தம் எத்தனை?" என்றார்.

"முப்பத்தெட்டு. அதுல ஒண்ணு பிடுங்கியிருக்கு. அந்த ஆளு தப்பிச்சுட்டான்னு நான் சொல்லிட்டிருக்கேன். ஆதாரம் கேக்காதீங்க, அதுக்கு மட்டும் என்கிட்ட இல்ல."

காபிக் கடை நின்றது. அதிகாரியைப் பற்றியும் நல்லது சொல்ல வேண்டும்: அந்தக் கம்பெனிக்காரர்களின் நாட்டு ஆவணக் காப்பகத்துக்கு அவரே எழுதினார். ஐந்து மாதம் கழித்துப் பழைய வரைபடத்தின் நகல் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராகத் தையல் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றார். வரைபடத்தில் அந்தக் கற்கட்டிடத்தின் மேல் ‘ஆட்கள் கிடங்கு’ என்று எழுதியிருந்தது. லாயம் வேறோர் இடத்தில் இருந்தது.

"டெய்லரம்மா, குதிரைங்க எல்லாம் இப்ப தபால் ஆபீஸ் இருக்கற இடத்துல இருந்திருக்கு."

"அப்படியா! அதுங்க போனதுலேர்ந்துதான் தபால் லேட்டா வருது போல" என்று சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்துச் சிரித்து, முடிவில் தைத்துக்கொண்டிருந்த சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

புதுப் பலகை திறந்த பிற்பகலில் தெருவே அடைத்துக்கொண்டு கூட்டம். தகரத்தைக் கழற்றிவிட்டுக் கல்லில் செதுக்கியிருந்தார்கள்: ‘கப்பலேற்றும்வரை மனிதர்களைப் பூட்டிவைத்த இடம். அவர்கள் பெயர் கிடைக்கவில்லை. இதை அளந்து கண்டறிந்தவர் இவ்வூர்த் தையற்காரர்.’ அதிகாரி ஒலிபெருக்கியில் படித்தார். கடைசி வரியை, கூட்டம் கேட்டதால், இரண்டு தடவை. வழிகாட்டி அட்டையையும் அவரே அணிவித்தார். அட்டை எண் ஒன்று. கணவர் விரலை வாயில் வைத்து அடித்த விசிலில் மேற்கூரைப் புறாக்கள் எழும்பின. முதல் வரிசையில் விடுதி முதலாளியும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அக்காவைப் பேசச் சொன்னார்கள். "உள்ள வாங்க, பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலோரம் போய் நின்றுகொண்டார். குழுவினர், அதிகாரி, முதலாளி என்று ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் முதுகை வளைத்து நுழைந்தார்கள். வாசல் மேற்கல்லின் கூர்முனை யார் தலையிலும் இடித்துவிடாதபடி, உள்ளங்கையை விரித்து அதன் அடியில் வைத்துக்கொண்டு, "குனிங்க... இன்னும் கொஞ்சம் குனிங்க..." என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசி ஆள் உள்ளே போகும்வரை கையை எடுக்கவில்லை.