கெலிஓயாவிலிருந்து வந்த கோட்டு

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். மார்க்கெட்டடியில் கெலிஓயா பஸ் கண்டக்டர் கைதட்டிக் கூப்பிட்டு ஒரு பார்சலைக் கையில் திணித்தார். பழைய துணியில் சுற்றி, விளிம்பெல்லாம் நூலால் தைத்த பார்சல். தையலைப் பார்த்ததுமே அனுப்பியது யாரென்று தெரிந்துவிட்டது. அத்தனை நெருக்கமாகத் தைக்கிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

உள்ளே ஒரு கோட்டு. சாம்பல் நிறம். கடிதம்? இல்லை. பைகளுக்குள் கைவிட்டுப் பார்த்தேன், உதறிப் பார்த்தேன்... ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை. எட்டு மாதமாக ஒரு சொல் அனுப்பாத மனிதர், இப்போது கோட்டு மட்டும் அனுப்புகிறாராம்! எனக்குக் கோபம்தான் வந்தது.

பிறகு அறைக்கு வந்து போட்டுப் பார்த்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஆளைச் சொல்ல வேண்டும்.

சம்சுதீன் நானா. இங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்காரர். மஹய்யாவவில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்னறைதான் அவருக்குக் கடையும் இருப்பிடமும். பின்னறை எனக்கு. அவர் மனைவியை இழந்தவர். நான் கல்யாணமே கட்டாதவன். யாழ்ப்பாணத்திலிருந்து வாத்தியார் வேலைக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து ஒன்பது வருஷம் ஒரே கூரை. பின்னேரம் அவர் தொழுதுவிட்டு வந்ததும், ஆளுக்கொரு கதிரையில் இருந்து பிளேன் டீ குடிப்போம். அவர் பேச மாட்டார், நானும் பேச மாட்டேன். டீ முடிந்ததும் எழும்பிப் போவோம். அவ்வளவுதான் எங்கள் சிநேகிதம்.

நானாவிடம் ஒரு விசேஷம் உண்டு. அளவு எடுத்தால் எழுதி வைக்க மாட்டார். நாடா பேருக்குக் கழுத்தில் தொங்கும். வருகிறவரை ஒரு தரம் நிற்கச் சொல்வார், திரும்பச் சொல்வார், போகச் சொல்லிவிடுவார். அடுத்த கிழமை சட்டை கனகச்சிதமாக இருக்கும்.

ஒரு மழை நாள் கேட்டுவிட்டேன். தைக்கிற நேரத்தில் மனசுக்குள் என்ன கதைப்பீர்கள் என்று. நானா மெஷினை மிதிப்பதை நிறுத்தினார்.

"கதைக்கிறதா? யாரோட மாஸ்டர்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துருவித் துருவிக் கேட்டேன். அவருடைய தலைக்குள் பேச்சே இல்லையாம். துணி தெரியுமாம். ஆள் தெரியுமாம். ஆள் நடப்பது, குனிவது, இருப்பது எல்லாம் தெரியுமாம். செத்துப்போன மனைவியை நினைத்தால் கூட அந்தப் பெண் பேசுவதில்லையாம். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்பதுதான் தெரிகிறதாம்.

என் தலையோ சட்டசபை. காலையில் கண் முழித்ததிலிருந்து ஒரே வாக்குவாதம். ஹெட்மாஸ்டரோடு சண்டை, யாழ்ப்பாணத்திலுள்ள அண்ணனோடு சமாதானம், பத்திரிகைக்கு நான் எழுதுகிற இந்தப் பத்திக்கு முதல் வரி... கேள்வியும் நானே கேட்பேன், மறுமொழியும் அவர்கள் குரலில் நானே சொல்வேன். எல்லாருக்கும் இப்படித்தான் என்றல்லவா நினைத்திருந்தேன்?

என்னோடு படிப்பிக்கிற ஆரோக்கியத்தைக் கேட்டேன். ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்துப் பக்கத்து ஆள். கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொன்னார். "எனக்கு எல்லாம் எங்கம்மா குரல்லதான் கேக்கும் சார். திட்டுறது கூட." அம்மா இறந்து பத்து வருஷமாகிறது.

பார்த்தீர்களா! ஒரே பஸ்ஸில், ஒரே இருக்கையில், தோளோடு தோள் முட்டிக்கொண்டு மூன்று பேர் போகிறோம். ஒருவர் தலைக்குள் படம். ஒருவர் தலைக்குள் அம்மா. ஒருவர் தலைக்குள் சட்டசபை. டிக்கட் மட்டும்தான் ஒன்று.

இது வேடிக்கையாக இருக்கும் வரைக்கும் சரிதான். எனக்கு அது வினையாகிப் போனது.

கெலிஓயாவில் நானாவின் தங்கச்சி. அவளுடைய புருஷன் திடீரென்று மௌத்தாகி, அவள் தனித்துப் போனாள். புடவைக்கடை ஒன்று, கடையைப் பார்க்க ஆளில்லை. வந்து கூட இருக்கச் சொல்லி நானாவுக்கு ஆள்மேல் ஆள் வந்தது. ஒருநாள் டீ குடிக்கும்போது அவராகவே வாய் திறந்தார். போகவா, இருக்கவா, நீங்க என்ன சொல்றீங்க மாஸ்டர் என்று கேட்டார். ஒன்பது வருஷத்தில் என்னிடம் அவர் கேட்ட ஒரே யோசனை.

நான் என்ன சொன்னேன்? "ம்... பாப்பம்."

அதற்குப் பிறகு மூன்று கிழமை நான் பேசாத பேச்சா! வாவியைச் சுற்றி நடக்கிறபோதெல்லாம் நானாவோடுதான் வாதாடினேன். தங்கச்சியை இங்கே கூட்டி வாருங்கள், பின்னறையை விட்டுத் தருகிறேன், நான் பக்கத்தில் வேறு இடம் பார்க்கிறேன் என்றேன். நீங்கள் போனால் எனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கூடக் கேட்டேன். நானாவும் தலையாட்டினார். ஒருநாள், "சரி மாஸ்டர், நான் போகல்ல" என்று தெளிவாகச் சொன்னார். எல்லாம் என் தலைக்குள்!

ஆகவே, ஒரு காலையில் வாசலில் மாட்டு வண்டி வந்து நின்று, தையல் மெஷின் அதில் ஏறியதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இவ்வளவு சொல்லியும் போகிறாரே மனிதர்! முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கதவு நிலையில் நின்றேன். ஒரு சாமான் தூக்கிக் கொடுக்கவில்லை.

நானா கிட்ட வந்தார்.

"நீங்க ஒண்ணுமே சொல்லல்லியே மாஸ்டர்."

"எத்தினை தரம் சொல்லுறது, நானா?"

அவர் என்னையே பார்த்தார். விழுந்த பொத்தானைத் தேடுவது போல் அவருடைய கண் அங்குமிங்கும் போனது. பாவம், இல்லாத ஒன்றை எங்கே தேடுவார்? பிறகு போய்ட்டு வாறன் என்று சொல்லி வண்டியில் ஏறிவிட்டார்.

வண்டி வளைவு வரை போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு தரம் கூடச் சொல்லவில்லை நான்.

ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் புறப்பட்டுப் போகிறவரைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது, போகிற காரியம் கெட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் சகுனம் பார்க்கிற ஆளே இல்லை. அன்றைக்குப் பார்த்து அந்த வழக்கம் நினைவுக்கு வந்து, காலைக் கட்டிப்போட்டது. வண்டி மறைந்துவிட்டது.

அவர் கடல் கடந்தா போனார்? பஸ்ஸில் ஒரு மணி நேரம் கூட இல்லை கெலிஓயா. அப்படியிருந்தும் எட்டு மாதம் நான் போகவில்லை. அவராக ஒரு வரி எழுதட்டும் என்று வீம்பாக இருந்தேன். முன்னறைக்கு இப்போது குடை திருத்துகிறவர் ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர், நாள் முழுக்கப் பேசுவார். நான் தனியாகத்தான் இருக்கிறேன். பின்னேரம் டீ போடுவதை விட்டுவிட்டேன். இராச் சாப்பாடும் பாதி நாள் இல்லை. பழைய கோட்டு தோளிலிருந்து தொளதொளவென்று தொங்குகிறது; சார் இப்படி மெலிஞ்சிட்டீங்களே என்று ஆரோக்கியம் நச்சரிக்கிறார்.

இப்போது கோட்டுக்கு வருகிறேன். அது எனக்குப் பொருந்தியது. தோளில், மார்பில், இடுப்பில் — ஒரு விரல் கூடக் குறையில்லை. நானா பார்த்த உடம்புக்கு இல்லை, ஐயா. இந்த மெலிந்த உடம்புக்கு!

மறுநாளே கண்டக்டரைப் பிடித்து, என்னைப் பற்றி ஏதும் சொன்னீர்களா என்று கேட்டேன். நேற்றுத்தான் மார்க்கெட்டில் உங்களை எனக்கு அடையாளம் காட்டினார்கள், அதற்கு முன்னால் ஆளே தெரியாது என்று சொல்லிவிட்டார்.

ஆக, கெலிஓயாவில் இருந்துகொண்டு நானா என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பேச்சில்லாத அந்தத் தலைக்குள் நான் தனியாக நடந்திருக்கிறேன், சாப்பிடாமல் படுத்திருக்கிறேன், கிழமைக்குக் கிழமை இளைத்திருக்கிறேன். அவர் அதைப் பார்த்துத் துணியை வெட்டியிருக்கிறார். நானோ, கடிதம் எங்கே என்று பைக்குள் தேடினேன். கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்து அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

புதன்கிழமை முழுக்க அவருக்கு நன்றிக் கடிதம் எழுதினேன். நாலு கடிதம். அருமையான கடிதங்கள். வியாழக்கிழமை காலையில்தான் பார்த்தேன், மேசையில் ஒன்றையும் காணோம்!

நானா பத்திரிகை படிக்கிறவர் இல்லை. ஆகையால் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவும் மாட்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில், கோட்டைப் போட்டுக்கொண்டு நானே போகிறேன். சொல்ல வேண்டியது நாலு சொல். வழியில் அதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது... நினைத்தேனோ, சொல்லியாயிற்று என்று பாதி வழியில் இறங்கிவிடுவேன்.