உடையார்பாளையத்தில் ஐந்து கோல் வாங்கிய ஞாயிறு

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் உடையார்பாளையம் போய் வந்தேன். கோயில் பார்க்கவோ கல்யாணத்துக்கோ இல்லை, ஃபுட்பால் பார்க்க. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்த எட்டு அணிகள் ஆடும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டி ஒன்று இருக்கிறது. கடைசி இடம் பிடிக்கும் அணிக்கு அடுத்த வருடம் இடமில்லை. பெரம்பலூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கு எங்கள் ஊர் அணிதான் பதினோரு வருடப் பழக்கம். போதாததற்கு அதன் ஸ்டாப்பர், அதாவது டிஃபென்ஸில் நடு ஆள், அரியலூர் சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கும் என் தம்பி செந்தில். அன்று மீன்சுருட்டி அணியிடம் தோற்றால் நாங்கள் வெளியே.

காலை 6.20க்குப் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் கிளம்பினோம். கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஆரோக்கியம் அரசு பஸ் கண்டக்டர். அன்று அவருக்கு லீவு. ஜெய்லானி செல்போன் ரிப்பேர் கடைக்காரர். அரியலூருக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் 25 ரூபாய், 7.15க்கு இறங்கினோம். வழியெல்லாம் சிமென்ட் லாரிகள். ஜன்னலோரம் உட்கார ஆசைப்படுகிறவர்கள் கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டுக்கு எதிரில் நான்கு இட்லி, ஒரு வடை 45 ரூபாய். சட்னி சுமார்தான்.

7.40க்கு ஜெயங்கொண்டம் பஸ். இன்னொரு 25 ரூபாய். 8.35க்கு உடையார்பாளையம். மைதானம் ஸ்டாப்பிலிருந்து இரண்டு கிலோமீட்டர், முந்திரித் தோப்பைத் தாண்டி. ஆட்டோக்காரர் அறுபது ரூபாய் கேட்டார்.

"பெரம்பலூர் ஆளுங்களா? மீன்சுருட்டி பசங்க இந்த வருஷம் பேயாட்டம் ஆடுறானுவ சார். பாத்துக்குங்க" என்றார்.

"நாங்களும் ஆடுவோம், ஓட்டுங்க" என்றார் ஆரோக்கியம்.

ஒன்பது மணிக்கு ஆட்டம் தொடங்கியது. எங்கள் கோச் ஞானப்பிரகாசம் சார், வரதராஜன்பேட்டைக்காரர், பெரம்பலூரில் பி.டி. மாஸ்டர். அணிக்குச் சம்பளம் வாங்காமல் பயிற்சி கொடுக்கிறவர். வழக்கமாக எங்கள் டிஃபென்ஸ் கோல் பக்கம் ஒதுங்கியே நிற்கும். அன்று நான்கு பேரையும் ஏறக்குறைய நடுக்கோடு வரை ஏற்றி நிறுத்தியிருந்தார். ஏழாவது நிமிடத்தில் மீன்சுருட்டிக்காரர்கள் ஒரு பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டார்கள். செந்தில் திரும்புவதற்குள் அவர்களுடைய பையன் ஒருவன் அவனைத் தாண்டிவிட்டான். கோல். இரண்டாவதும் அச்சாக அதே மாதிரி. மூன்றாவது கார்னரில் வந்தது. அடித்தவனைச் சுற்றி மூன்று கெஜத்துக்கு எங்கள் ஆள் ஒருவனும் இல்லை. இடையில் ஒரு பெனால்டியில் நாங்கள் ஒன்று போட்டோம். பாதி ஆட்டம் முடிந்தும் சார் யாரையும் மாற்றவில்லை. நான்காவது கோல் எப்படி விழுந்தது என்று எழுத மனமில்லை. ஐந்தாவது, செந்தில் கீப்பருக்குத் தட்டிய பந்து பாதி வழியில் நின்றுபோனதால் விழுந்தது. ஐந்துக்கு ஒன்று. எதிர்ப்பக்கம் பட்டாசு வெடித்தார்கள்.

11.30 மணி பஸ்ஸில் நல்ல கூட்டம். நாங்கள் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஸ்டாப் தாண்டுவதற்குள் ஆரோக்கியம் ஆரம்பித்துவிட்டார்.

"ஓட முடியாத ஆளுங்கள வச்சிக்கிட்டு யாராச்சும் டிஃபென்ஸ ஏத்தி நிறுத்துவாங்களா? ரெண்டு கோல் அதே மாதிரி வுட்டப்புறமாச்சும் எறக்க வேண்டாம்?"

"கார்னர்ல ஆளுக்கு ஆள் பிடிக்கச் சொல்லிக் குடுக்கல" என்றார் ஜெய்லானி. "எடத்த பாத்துக்கிட்டு நிக்கிறானுவ. எடமா கோல் போடுது?"

"ராஜாவ எறக்கியிருக்கணும்" என்றார் ஆரோக்கியம்.

"விமல லெஃப்ட்ல போட்டிருக்கணும். பாபுவ நடுவுல."

"சார் இருந்தது போதும்ங்க. கோச்ச மாத்தணும்" என்றார் ஆரோக்கியம்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். தம்பி ஆடுவதால் நான் வாய் திறக்க மாட்டேன் என்று நினைத்திருப்பார்கள். அதற்காகவே பேசினேனோ என்னவோ.

"என் தம்பின்னு பாக்கல. செந்தில ஹாஃப் டைம்லயே வெளிய உக்கார வச்சிருக்கணும். அவனுக்கு ஓட்டம் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்கே தெரியுது, சாருக்குத் தெரியலையா? இன்னிக்கி அவன் ஆடுனத பாக்கவே அசிங்கமா இருந்துச்சு."

ஆரோக்கியம் என் தோளில் தட்டினார். நியாயமான ஆள் என்று பெயர் வாங்கிய திருப்தியில் மேலும் இரண்டு வார்த்தை சொன்னேன். அவற்றை இங்கே எழுதவில்லை.

12.25க்கு அரியலூரில் இறங்கித் திரும்பினேன். பின்வாசல் வழியாகச் செந்தில் இறங்கிக்கொண்டிருந்தான். தோளில் பை, முழங்காலில் காய்ந்த மண். அணியின் வேனில் போயிருப்பான் என்றுதான் மூவரும் நினைத்திருந்தோம். அவன் கடைசி சீட்டில் இருந்திருக்கிறான்.

"வேன்ல யாரு மூஞ்சியும் பாக்க முடியல. அதான் பஸ்ல ஏறுனேன்" என்றான்.

"செந்திலு, டீ சாப்டுறியா?" என்றேன்.

டீ வாங்கினான், குடிக்கவில்லை. ஆரோக்கியத்தைப் பார்த்துதான் பேசினான். "ராஜா சிங்கப்பூர் போயி மூணு மாசம் ஆச்சுண்ணே. விமல் திருப்பூர்ல இருக்கான். பாபுவுக்கு இன்னிக்கி பகல் ஷிஃப்டு. பதிமூணு பேருதான் வந்தோம். பெஞ்சுல இருந்தது ரெண்டாவது கீப்பரும் காய்ச்சல்ல கெடந்த இன்பராஜும்."

பஸ்ஸில் அரை மணி நேரம் நாங்கள் இறக்கிவிட்ட ஆட்களில் ஒருவர்கூட அன்று மைதானத்தில் இல்லை. இரண்டு மணி நேரம் எதிர்ப்பக்கக் கோட்டருகே நின்று பார்த்தோம், எங்கள் பெஞ்சில் எத்தனை பேர் என்று மூவரில் ஒருவரும் எண்ணவில்லை.

"ஹாஃப் டைம்ல என்னைய எடுத்துடுங்கன்னு நான்தான் சார்ட்ட கேட்டேன்" என்றான். "ராத்திரி ஷிஃப்டு முடிச்சி ஆறு மணிக்கு பிளாண்ட்ட வுட்டு வந்து அப்புடியே வேன்ல ஏறுனவன். கால் வரல. யாரடா போடுவேன்னாரு. கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு அவருக்கு. நாங்க ரொம்ப தூரம் ஓட வேண்டாம்னுதான் ஏறி நிக்கச் சொன்னாரு. நடுவுலயே மடக்கிடலாம்னு நெனச்சாரு."

"அப்பக்கூட பின்னாடி நிறுத்தியிருக்கலாம்பா" என்றார் ஆரோக்கியம். அந்த நேரத்திலும் அவருக்கு விட மனமில்லை.

"நிறுத்தியிருக்கலாம்ணே. அஞ்சுக்கு பதிலா நாலு வாங்கியிருப்போம்."

டீ டம்ளரை வைத்துவிட்டு, "நான் இனிமே வரல" என்று சொல்லி வண்டி ஸ்டாண்டுக்கு நடந்தான். என் பக்கம் திரும்பவில்லை. பெரம்பலூர் பஸ்ஸில் மூவரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.

அணி வெளியேறிவிட்டது. ஞானப்பிரகாசம் சார் இன்னும் காலையில் மைதானத்துக்கு வருகிறார். நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் சொல்கிறார்கள், ஐந்தாறு பேர் வந்தால் அதிகமாம். கோச்சை மாற்றும் பேச்சு அதன்பின் எழவில்லை. அந்த இடத்துக்கு வர ஆளும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: பெரம்பலூரிலிருந்து ஆளுக்கு இருநூறு ரூபாய்க்குள் சாப்பாட்டோடு போய் வந்துவிடலாம். முதல் பஸ்களைப் பிடியுங்கள், பத்து மணிக்குமேல் வெயில் தாங்காது. மைதானத்தில் நிழலும் இல்லை, குடிதண்ணீரும் இல்லை. உங்கள் அணியின் பெஞ்சுப் பக்கமாகவே நில்லுங்கள். திரும்பும் பஸ்ஸில் வாயை அடக்கிக்கொள்ளுங்கள். பேசித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் பின்னால் திரும்பிப் பாருங்கள்.

மூன்று வாரம் கழித்து அரியலூரில் செந்தில் வீட்டுக்குப் போனேன். நன்றாகத்தான் பேசினான். பிள்ளையின் பள்ளிக்கூடம், அம்மாவின் சுகர் மாத்திரை, மின்வெட்டு. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அன்னிக்கி பஸ்ல தெரியாம பேசிட்டேன்டா" என்றேன்.

"வுடுண்ணே. நீ சொன்னது பொய்யா இருந்தா அங்கயே சண்ட போட்டிருப்பேன்" என்றான்.